சூசைநாதனின் இடது காது

கத்தி இறங்குவதற்கு முன்னால் ஜெயசித்ரா மின்விசிறியை நிறுத்திவிடுவார். கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வியர்க்கிறதா, தலை சுற்றுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சித்திரை வெயிலில், எட்டடிக்குப் பத்தடி அறையில், ஷட்டரையும் முக்கால்வாசி இறக்கிவிட்டு அவர் விசிறியை நிறுத்தும்போது, பழகிய வாடிக்கையாளர்கள் பேசாமல் எழுந்து எதிரே இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர்கள் மட்டும் கரண்ட் போய்விட்டதாக நினைத்துக் கூரையைப் பார்ப்பார்கள்.

"கரண்ட் இருக்குது. காத்துதான் இல்ல" என்பார் ஜெயசித்ரா, திரும்பிப் பார்க்காமல்.

பாகூர் கடைத்தெருவில் உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய ஸ்டிக்கர் கடை. வண்டிகளுக்கு நம்பர், பேருந்துக் கண்ணாடிக்குச் சாமி பெயர், மகளிர் குழுவின் ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் என்று எல்லாம் செய்கிறார். ஆனால் அவர் பேர் வாங்கியது சின்ன ஸ்டிக்கரில். கட்டைவிரல் நகத்தளவு, எலுமிச்சை இலையளவு என்று யாராவது கேட்டு, மற்ற கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டால், அந்த ஆள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

"லாரிக்கு ஒட்டறதுல ஒரு இஞ்ச் போனாலும் டிரைவருக்குத் தெரியாது. நகத்தாம் பெரிசுல அரை மில்லி போச்சுன்னா கைக்கொழந்தைக்கும் தெரியும்" என்பது அவர் கணக்கு.

அவருடைய இயந்திரம் தையல் மிஷினை நீட்டிப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு கத்தி. படங்கள் வில்லியனூரில் அச்சாகி வரும். அதன் மேல் ஜெயசித்ரா கண்ணாடி போன்ற மெல்லிய லேமினேஷன் தாளை ஒட்டிக் கொடுக்க, இயந்திரம் படத்தின் ஓரம் பார்த்துச் சுற்றி வெட்டும். மேலே இருக்கும் ஸ்டிக்கர் மட்டும் அறுபட வேண்டும். அடித்தாள் அறுபடக் கூடாது. படம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. தாளின் நான்கு மூலையிலும் அச்சடித்திருக்கும் கறுப்புக் குறிகளை ஒரு சின்னச் சிவப்பு விளக்கால் பார்த்துத் தெரிந்துகொள்ளும். குறியைத் தப்பாகப் பார்த்தால் வெட்டும் தப்பாகப் போகும். மனித வாழ்க்கையும் அப்படித்தானே என்று ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தத்துவம் சொன்னார். "கொஞ்சம் நவுருங்க சார், நெழலு வுழுது" என்றார் ஜெயசித்ரா.

லேமினேஷன் பளபளப்பில் இயந்திரத்துக்குக் கண் கூசும் என்பது அவர் கண்டுபிடித்த முதல் உண்மை. அதனால் ஒவ்வொரு கறுப்புக் குறியின் மேலும் மங்கலான வெள்ளை டேப்பை ஒரு துண்டு ஒட்டுவார். இரண்டாவது உண்மை, அச்சடித்த மை ஈரத்தோடு இருக்கும்போது மூடிவிட்டால் உள்ளே புழுங்கிப் பிறகு தாள் சுருங்கும் என்பது. வந்த தாளை ஒரு நாள் முழுக்கக் கொடியில் தொங்கவிடுவார். மறுநாள் தாளின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோய், ரசத்துக்குப் புளிப்பு பார்ப்பதைப் போல முகர்ந்து பார்ப்பார். வாசனை இருந்தால் இன்னொரு நாள். லேமினேஷனை இழுத்துப் பிடித்து ஒட்ட மாட்டார். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மேலே விடுவார். வெட்டுவதற்கு முன்னால் தாளை இயந்திரத்துக்குள் இரண்டு முறை முன்னும் பின்னும் சும்மா ஓடவிடுவார். ஏன் என்று கேட்டால், "நடை பழகட்டும்" என்பார். விசிறியை நிறுத்துவதும் இந்த வரிசையில் ஒன்றுதான். காற்றில் தாள் ஒரு மயிரளவு படபடத்தாலும் போதும், வேலை கெட்டது.

கழுத்தில் ஜெபமாலையோடு இன்னொன்றும் தொங்கும். நகைக்கடையில் கல் பார்க்கிறவர்கள் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அந்தச் சின்ன லென்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டைமேல் விழுந்த எழுத்தை அதை வைத்துத்தான் சோதித்தார். கம்பெனியை விட்டு வரும்போது லென்ஸும் கூடவே வந்துவிட்டது. அவர் கணவர் பாக்யராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "நல்லவேள, பொண்ணு பார்க்கப் போனப்ப இது கழுத்துல இல்ல. இருந்திருந்தா எனுக்கு இன்னும் கல்யாணம் ஆயிருக்காது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஜெயசித்ரா மறுப்பதில்லை.

இத்தனை கெடுபிடியும் இயந்திரம் வாங்கிய அன்றே வந்ததல்ல. அதற்குக் காரணம் ஒரு காது.

ஜெயசித்ராவின் அப்பா சூசைநாதன் கரும்பு வெட்டப் போனவர். அவருக்கு வலது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. இடது காது நன்றாகக் கேட்கும். ஆனால் அதன் மேல் விளிம்பில் அரைப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு இருக்காது. கரும்புக் கட்டை லாரியில் ஏற்றும்போது கம்பி கிழித்தது. கேட்காத காது முழுசாகவும் கேட்கிற காது கிழிந்தும் இருந்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மனைவி காசம்மாள் நாற்பது வருடமாக எது சொல்வதானாலும் அந்த இடது பக்கமாக வந்து நின்றுதான் சொன்னார். சண்டையிலும் அதே முறைதான். அடுப்படியிலிருந்து கோபமாக எழுந்து வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் திட்டுவார். அதற்குள் கோபம் பாதி ஆறியிருக்கும். அந்த வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்காமல் போனதற்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் காரணம் இதுதான்.

சூசைநாதன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டாம் வருடக் கல்லறைத் திருநாளுக்கு, அப்போதுதான் இயந்திரம் வாங்கியிருந்த ஜெயசித்ரா, அப்பாவின் படத்தை முட்டை வடிவத்தில் ஸ்டிக்கராக வெட்டி, கல்லறையின் மரச்சிலுவையில் ஒட்டினார். கத்தி இரண்டு மில்லி தள்ளிப் போயிருந்தது. இடது காது பாதி காணோம். புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மற்ற பெண்கள் எல்லாம் மெழுகுவத்தி ஏற்றி, சாமந்திப் பூ போட்டு, தங்கள் ஆட்களிடம் வருஷத்துச் சேதியைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். காசம்மாள் சிலுவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, ஒன்னும் பேசலியா?" என்றார் ஜெயசித்ரா.

"காதே இல்ல. யாருகிட்டடி பேசறது?"

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னார். ஆனால் ஜெயசித்ராவுக்கு அது இன்றைக்கும் சுடுகிறது. மறுநாளே கடையில் விசிறியை நிறுத்திப் பார்த்தார். டேப், முகர்தல், நடை பழக்குதல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. வேறு ஸ்டிக்கர் வெட்டி மாற்றிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்துப் போனார். "ஒருக்க ஒட்டனத்த ஆளு மூஞ்சியிலேர்ந்து உரிக்கறதா?" என்று காசம்மாள் தடுத்துவிட்டார். அப்புறம் ஒரு புயலில் ஆறு கரை உடைத்துக்கொண்டு வந்தது. சோரியாங்குப்பம் பக்கத்தில் ஆற்றோரமாக இருந்த கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு போயின. ஒன்றரைக் காதோடு சூசைநாதன் கடலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வெள்ளம் வடிந்த பிறகு யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதில் ஊருக்குள் குழப்பம். ஒரே மேட்டை மூன்று குடும்பம் தங்கள் ஆள் என்று சொன்னது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற சார்லஸ்தான் இதற்கு வழி சொன்னார்: மேடுகளை விட்டுவிடுவோம், வாசலருகே ஒரு சுவர், அதில் ஒரே கருங்கல் பலகை, எண்பத்திநான்கு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் மேலே சின்னதாக ஒரு படம். கல்லில் பெயர் வெட்டி முடித்து, படத்துக்கு விட்ட இடத்தை அளந்தபோது அகலம் இரண்டரை சென்டிமீட்டர்தான் வந்தது. சார்லஸ் அந்த அளவை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஜெயசித்ராவின் கடைக்கு வந்து உட்கார்ந்தார். விசிறி நின்றது.

"படத்தச் சுத்தி ஒரு தங்கக் கோடு வரணும்மா. பங்குப் பேரவையில எல்லாரும் ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டாச்சு" என்றார், நெற்றியைத் துடைத்தபடி.

"எம்மாந் தடிப்பு?"

"மெல்லிசா. பார்த்தா இருக்கணும், ஆனா தெரியக் கூடாது."

அரசாங்க வேலையில் இருந்தவர் கேட்கக்கூடிய அளவுதான். ஜெயசித்ரா முக்கால் மில்லி என்று குறித்துக்கொண்டார். படத்தைச் சுற்றி மெல்லிய கோடு போடுவது இந்தத் தொழிலில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. கோடு இல்லாவிட்டால் வெட்டு அரை மில்லி தள்ளினாலும் யாருக்கும் தெரியாது. கோடு இருந்தால் ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் மறையும். எட்ட நின்று பார்த்தாலே காட்டிக் கொடுத்துவிடும். எண்பத்திநான்கும் ஒரே கல்லில் வரிசையாக வேறு நிற்கப் போகின்றன.

அப்பாவின் படத்தில் இன்னொரு சிக்கல். இருப்பது ஒரே படம், பழைய தொழிலாளர் அட்டையில் ஒட்டியிருந்தது. அவருக்குக் காதுகள் இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும். முகத்தைச் சின்னதாக்கினால் காது பத்திரமாக உள்ளே வந்துவிடும். ஆனால் காசம்மாளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணில் பனி மாதிரிதான் தெரியும். பட்டாணி அளவுக்கு முகம் இருந்தால் அவருக்கு அது சூசைநாதனும் ஆகலாம், யாரும் ஆகலாம். அம்மாவுக்கு அடையாளம் தெரிகிற அளவுக்கு முகத்தைப் பெரிதாக்கியபோது, கிழிந்த காது தங்கக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இனிமேல் கத்திக்கு அங்கே இங்கே போக இடமில்லை. அரை மில்லி விலகினாலும் நான்கு வருடத்துக்கு முந்தைய கதைதான்.

அச்சடித்த தாளைப் பாக்யராஜ் வில்லியனூரிலிருந்து ஆட்டோவில் கொண்டு வந்தார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு பேர். கல்லில் பெயர்கள் இருக்கிறபடியே இறந்த வருடப்படி அடுக்கியிருந்ததால் சூசைநாதன் கடைசி வரிசையில் மூன்றாவது ஆள். ஐப்பசி மழையில் கடையின் கூரை ஒழுகியதால் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் நடு அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் முகர்ந்து பார்த்தார், வாசனை இல்லை. அதற்கடுத்த நாள் கடையில் லேமினேஷன் போட்டு, டேப் ஒட்டி, நடை பழக்கி, விசிறியை நிறுத்தி, கத்தியை இறக்கினார்.

முதல் ஒன்பது வரிசை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பத்தாவதில் கோடு ஒரு பக்கம் கொஞ்சம் இளைத்தது. பதினொன்றில் இன்னும் இளைத்தது. பன்னிரண்டாவதில் சூசைநாதனுக்கு வந்தபோது இடது காதருகே கோடே இல்லை; காதின் விளிம்பும் கொஞ்சம் போயிருந்தது. கிழிசல் இருந்த இடம் வெறும் ஓரமாகிவிட்டது. ஜெயசித்ரா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார், துடைத்தார், மறுபடியும் வைத்துப் பார்த்தார். லென்ஸின் மேல் தப்பு இல்லை.

வில்லியனூரிலிருந்து அன்புராஜை வரவழைத்தார். இயந்திரங்களுக்குச் சர்வீஸ் செய்கிறவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கடைக்குள் நுழையும்போதே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கடையைத் தெரிந்தவர். உருளைகளைத் துடைத்தார். கத்தியை மாற்றினார். தன்னிடமிருந்த வெள்ளைத் தாளில் நூறு வட்டம் வெட்டிப் பார்த்தார். நூறும் அம்மன் பொட்டு மாதிரி வந்தன.

"மிஷினு நல்லாதாங்கா இருக்குது. பேசாம அந்தக் கோட்ட எடுத்துடு. தப்பே தெரியாது."

"தப்பு தெரியாம இருக்கறது வேற, தப்பு இல்லாம இருக்கறது வேற தம்பி."

"அரை மில்லிக்கா. செத்துப் போனவங்க வந்து பார்க்கப் போறாங்களா?"

"அவுங்க பார்க்க மாட்டாங்க. பொண்டாட்டிங்க பார்ப்பாங்க."

அன்புராஜ் விடவில்லை. தன் போனில் ஒரு ஆப் இருப்பதாகச் சொல்லி, சூசைநாதனின் படத்தை அதில் போட்டு, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். படம் பளிச்சென்று தெளிந்தது. கன்னத்துச் சுருக்கம் போயிற்று. காது தலையோடு ஒட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்தது, கிழிசலும் மூடிக்கொண்டது. கரும்பு வெட்டப் போன சூசைநாதன் ஒரு நிமிடத்தில் கூட்டுறவு வங்கி மேனேஜர் ஆகிவிட்டார்.

ஜெயசித்ரா போனை வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்காரு. யாரு இவுரு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்புராஜ் போன பிறகு ஜெயசித்ரா வீணாய்ப் போன தாளை எடுத்துச் சுருட்டினார். நான்கு நாளாக முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், சுருட்டும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தார். அடித்தாளின் கீழ் ஓரத்தில் அருகருகே இரண்டு மங்கலான வட்டங்கள். விரலால் தேய்த்தார். கரி. இரண்டும் சரியாகக் கடைசி வரிசை மூன்றாவது ஆளுக்கு நேர் கீழே. ஜெயசித்ரா ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காசம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, தாளு தொங்குனப்ப கீழ இன்னா வெச்ச?"

"மெழுகுவத்தி. பக்கெட்டக் கவுத்துப் போட்டு அதுமேல வெச்சன். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கறவரைக்கும் எரிஞ்சிது."

"பிளாஸ்டிக்குமா அது. சூடு பட்டா சுருங்கிப் பூடும்."

"எம்பத்தி நாலு பேரு வந்து நடு வூட்டுல தொங்கறாங்க. வெளக்குக்கூட ஏத்தாம நான் சோத்தத் துன்னுட்டுப் படுக்கறதா? நாள பின்ன அந்தந்த வூட்டுக்காரிங்க மூஞ்சில நான் முழிக்க வேணாமா?"

மின்விசிறி, டேப், ஈரம், நடை எல்லாவற்றுக்கும் காவல் வைத்தவர் ஜெபத்துக்குக் காவல் வைக்கத் தவறிவிட்டார்.

"அப்ப அப்பாவுக்கு நேர் கீழ ஏன் வெச்ச? அதுவும் ரெண்டு?"

காசம்மாள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன்னு அணைஞ்சிட்டா?"

"பேசனியா அவுருகிட்ட?"

"அது வெறும் தாளுடி. இன்னும் சாமியார் வந்து மந்திரிக்கல."

பாக்யராஜ் மறுபடியும் வில்லியனூருக்குப் போனார். இரண்டாவது தாள் வந்தபோது கல்லறைத் திருநாளுக்கு நான்கே நாள்தான் இருந்தது. ஜெயசித்ரா இந்த முறை அச்சுக்குக் கொடுத்த வடிவத்தையே மாற்றியிருந்தார். தாள் முழுமைக்கும் சேர்த்து நான்கு குறி வைத்தால், நீளமான தாளில் எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் சுருக்கத்தை அந்த நான்கு குறிகள் காட்டிக் கொடுக்காது. "கும்பலா அனுப்புனா தப்பும் கும்பலாப் பூடும்" என்று சொல்லி, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நான்கு குறி வைத்துவிட்டார். ஆளுக்கு நான்கு வீதம் முந்நூற்று முப்பத்தாறு குறிகள். இயந்திரம் ஒவ்வொரு ஆளாகப் பார்த்து, அளந்து, வெட்டும்.

அன்புராஜ் போனிலேயே சிரித்தார். "ஒங்கப்பாவுக்கு மட்டும் தனியா வெச்சா போதாதாக்கா? மத்தவங்களுக்கு எதுக்கு?"

"மத்தவங்களுக்கும் வூட்டுல ஒருத்தி இருப்பா இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தாளை மறுபடி வீட்டில்தான் தொங்கவிட வேண்டியிருந்தது; கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. கடையில் விற்கிற பேட்டரி மெழுகுவத்தி ஒன்றை வாங்கி வந்து அம்மாவிடம் நீட்டினார். காசம்மாள் அதன் சுவிட்சை ஒரு முறை போட்டுப் பார்த்து, அணைத்து, அரிசி டின்னின் மேல் வைத்துவிட்டார். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. மெழுகுவத்தி ஒன்றே ஒன்று, அதுவும் வாசற்படியில். காசம்மாள் அந்தக் கோடியில் விளக்கையும் இந்தக் கோடியில் எண்பத்திநான்கு பேரையும் வைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். ஜெயசித்ரா சுவரோரம் நாற்காலி போட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். சாமியும் சரி, சூடும் சரி, அன்றைக்கு வரம்பு மீறவில்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெற்ற நாள். ஊரெங்கும் விடுமுறை. எங்கோ கொடியேற்றிவிட்டு ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ரா கடைக்குள் போய் ஷட்டரை ஒரு சாண் மட்டும் விட்டு இறக்கிக்கொண்டார். விசிறியை நிறுத்தினார். சிவப்பு விளக்கு குறியைத் தேடும், கண்டுபிடிக்கும், கத்தி முட்டை வடிவமாக ஒரு சுற்று வரும், நிற்கும். பிறகு அடுத்த ஆள். கத்தி சுற்றுகிற நேரம் முழுக்க அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். அது தேவையா என்று அவருக்கே தெரியாது. நாற்பதாவது ஆளுக்கு மேல் வியர்வை தாளில் சொட்டிவிடக் கூடாதே என்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டார். பாக்யராஜ் ஷட்டரின் இடுக்கு வழியாகச் சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விட்டார்.

கடைசி வரிசை மூன்றாவது ஆளுக்கு வந்தபோது ஜெயசித்ரா இயந்திரத்தின் முன் நிற்கவில்லை. உரக்கடைப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சுற்றி வரும் சத்தம் நின்றது. அடுத்த ஆளும் முடிந்தார், அதற்கடுத்தவரும். எண்பத்திநான்கும் முடிந்த பிறகுதான் வந்து லென்ஸை வைத்தார். தங்கக் கோடு சுற்றிலும் ஒரே தடிப்பில் இருந்தது. கோட்டுக்குள் காது இருந்தது. காதில் அரைப் புளியங்கொட்டை குறைந்தது. ஜெயசித்ரா ஸ்டூலில் உட்கார்ந்து, விசிறியைப் போடக்கூட மறந்து, கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். காலையில் கல்லை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, எண்பத்திநான்கையும் அவரே ஒட்டினார். சார்லஸ் தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கோடு தெரியுது. ஆனா தெரியல" என்றார். அவர் கேட்டதும் அதுதான் என்பதால் இருவருக்கும் திருப்தி.

மாலை நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மழை விட்டிருந்தாலும் புழுக்கம் தாங்கவில்லை. மைக்செட்காரர் சாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்டாண்டு விசிறியைக் கொண்டுவந்து வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டார். அது நெல் அரைக்கும் மிஷின் மாதிரி இரைந்தது. ஜனங்கள் வரிசையாக வந்து கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, அவரவர் ஆளைத் தேடினார்கள். சிலர் தேடாமலே கண்டுகொண்டு அங்கேயே அழுதார்கள்.

ஜெயசித்ரா காசம்மாளைக் கைபிடித்துக் கூட்டிவந்து கல்லின் முன் விட்டார். காசம்மாளே குனிந்து, கடைசி வரிசையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் நின்றது. புரை எடுத்த கண்ணைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரல் நகத்தால் படத்தின் ஓரத்தை மெதுவாகச் சுற்றிவந்து, காதுக்கு நேரே வந்ததும் நிறுத்தினார்.

"இருக்குது" என்றார்.

அப்புறம் நிமிர்ந்து, பலகையின் வலப்பக்கம் நின்றிருந்த சார்லஸைத் தோளில் தட்டினார். "கொஞ்சம் நவுரு சார்லசு." படத்திலிருக்கிறவருக்கு அதுதான் இடது பக்கம். சார்லஸ் நகர்ந்தார். காசம்மாள் அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய், கடைசி வரிசை தரையோடு இருந்ததால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லில் வாயை வைத்தார்.

"இந்தா, ஜெயாப்பா. செவலப் பசு போச்சு. அத்த மொதல்ல சொல்லிடறன், அப்புறம் நீ சொல்லல சொல்லலன்னு…"

விசிறி இரைந்தது. காசம்மாள் நிறுத்தினார். குரலை உயர்த்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதுவும் இரைச்சலில் போயிற்று. அவர் கல்லிலிருந்து முகத்தை எடுத்து, காதைப் பார்த்து, "கேக்குதாயா?" என்றார்.

ஜெயசித்ரா மெழுகுவத்திகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, சாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் விசிறியை நிறுத்தினார்.